பொத்தானை அமுக்கியவர்

சேஜ் க்ரீக், மான்டானா
மார்ச் 11

அன்பு மகள் லோரீனுக்கு,

போனைப் பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். அதனால் இதை எழுதி உன் அலுவலகக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

வக்கீல்கள் வருடத்துக்குப் பதினைந்து மணி நேரம் பாடம் கேட்டால்தான் உரிமம் நிலைக்கும் என்றாய். கேஸ் தலைக்கு மேல் கிடக்கிறது என்று உன் கணினியை என் சமையலறை மேசையில் வைத்து, "அப்பா, பாடம் அது பாட்டுக்கு ஓடும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறீர்களா?'ன்னு ஒரு பெட்டி வரும். ஆமான்னு அமுக்குங்க, போதும்" என்றாய். அமுக்கினேன். பதினான்கு மணி நேரம்! சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு லாரி ஓட்டிய காலத்தில்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், இன்று இந்த ஜில்லாவிலேயே அதிகம் சட்டம் கேட்ட லாரிக்காரன்.

கடைசிப் பாடம் வக்கீல் ஒழுக்கம். "கேட்காத பாடத்தைக் கேட்டதாகக் கையெழுத்துப் போடுவதும் பொய்தான்" என்று பாடம் நடத்திய அம்மாள் சொல்லி வாயை மூடவும் பெட்டி வந்து நின்றது: இருக்கிறீர்களா? நான் இருந்தேன். நீ இல்லை. கணினியை மூடி வைத்துவிட்டேன்.

இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து ரொட்டி சுட்டிருக்கிறேன். கோபமாக வந்தாலும் சாப்பிடலாம்.

உன் அப்பா
எமில்

மார்ச் 12

அப்பாவுக்கு,

நேரில் வந்தால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் பாடம் முடித்த படிவம் போகாவிட்டால் என் உரிமத்தை நிறுத்திவிடுவார்கள். தெரிந்துமா மூடினீர்கள்? கையில் அறுபது கேஸ் இருக்கிறது. பதினெட்டு வருடமாகக் கோர்ட்டில் நிற்கிறவளுக்கு அவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள்? பாதி வக்கீல்கள் அதை ஓடவிட்டுவிட்டு வேறு வேலைதான் பார்க்கிறார்கள். அது வெறும் சடங்கு. உங்களைப் பொத்தானை அமுக்கச் சொன்னேன், தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை.

கணினியை வாசலில் வைத்துவிடுங்கள். நானே அமுக்கிக்கொள்கிறேன்.

லோரீன்

மார்ச் 13, வெள்ளி

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. உன் பங்குக்கும் நானே போட்டுவிட்டேன். சிரிப்பு இத்தோடு முடிந்தது.

காலையில் காபிக் கடையில் உன் கட்சிக்காரி ட்ரூடி, ஊற்றிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "எமில் அண்ணே, என் பொண்ணை அவ அப்பன்கிட்ட அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருச்சு. லோரீன் எதிர்த்து மனுப் போடுறாங்க. காகிதம் கைக்கு வந்தது அஞ்சாம் தேதி. அதுலேருந்து பதினாலு நாள் இருக்காம்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஆறாம் பாடத்தில் நரைமீசைக்காரர் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாரே! ஜனவரியிலிருந்து விதி மாறிவிட்டது. கைக்கு வந்த நாள் கணக்கில்லை, கோர்ட் முத்திரை குத்திய நாள்தான். பழைய வக்கீல்கள்தான் இதில் விழுவார்கள் என்றார். ட்ரூடியின் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். முத்திரை இரண்டாம் தேதி. வருகிற திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது!

நான் தப்பாகவும் இருக்கலாம், லாரிக்காரன் கணக்கு. ஆனால் நான் சரி என்றால், ஒரு தாய் தன் பெண்ணை இழப்பாளே, அதுவும் சடங்கா? பதினெட்டு வருடமாம்! அந்தத் திமிரைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணினியைத் தர மாட்டேன். போலீசைக் கூப்பிடு. திருட்டு வழக்கில் என்ன பேச வேண்டும் என்று பத்தாம் பாடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா

மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

மனு இன்று நாலரை மணிக்கு உள்ளே போய்விட்டது. குமாஸ்தா முத்திரையைக் குத்திவிட்டு, "நாளைக்கு வந்திருந்தீங்கன்னா திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்" என்றார். ட்ரூடியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பதினான்கு மணி நேரத்தையும் என் பெயரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி, காரணத்தோடு வக்கீல் சங்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். விசாரணை வைப்பார்களோ என்னவோ, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. நீங்கள் சரியாக இருக்கும்போது உங்களைத் தாங்கவே முடியாது. சனியும் ஞாயிறும் உங்கள் சமையலறையில் முதல் பாடத்திலிருந்து உட்காரப் போகிறேன். ரொட்டி மிச்சம் வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். ஆறாம் பாடத்தில் "நான் சொல்லல?" என்றும் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

பெட்டி வரும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
லோரீன்