ஒன்பதாவது மாடியில் என் அறை

ஏப்ரல் 7, 2024

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: புனே கேம்ப், வாடகை வீட்டுவாசி சாகிப் ஆகிய எனக்கு இன்று காலை மீசையில் ஒரு முடி முளைத்துள்ளது. மீசைக்காரன் ஹாலில் தங்கை ஹுதாவிடம் உதை வாங்கிக்கொண்டு தூங்குவது முறையல்ல. தனியறை வேண்டும். ஹிஞ்சேவாடிப் பக்கம் ஒன்பதாவது மாடியில் அது தயாராகிறது. வாப்பா பை விற்கும் கடையையே அடமானம் வைத்து புக் செய்த ஃப்ளாட்.

ஏப்ரல் 14

உம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். சூப்பர் பில்ட்-அப் என்பது சுவர், லிஃப்ட், படிக்கட்டு, வாட்ச்மேன் கொட்டாவி விடும் இடம் எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்து ஊதிய கணக்கு. கார்பெட் ஏரியா என்பது சுவர்களுக்குள்ளே கால்வைக்க மிஞ்சுவது. நம்மிடம் கார்பெட் ஏது? பாய் வீட்டில் பாய் ஏரியாதான்.

"அது எம்புட்டுப் பெருசுல?"

பெயிண்டர் விட்டுப்போன சுண்ணாம்பைக் கரைத்து, மொட்டைமாடியில் அசல் அளவிலேயே வரைந்தேன். கதவுக்கெல்லாம் இடைவெளி விட்டு. உம்மா ஹாலிலிருந்து நேரே அடுப்படிக்கு நடந்தார்.

"உம்மா, சுவத்துல முட்டிட்டீங்களே!"

பதறிப் பின்வாங்கி, கதவு வழியாகச் சுற்றி வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுப்பை எங்கே வைப்பது என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மே 5

வாப்பாவோடு சைட்டுக்குப் போனேன். ஏழாவது மாடியோடு கட்டடம் நிற்கிறது. வேலையாள் ஒருவரும் இல்லை. கேட்டில் மாநகராட்சி நோட்டீஸ், மராத்தியில். நான்தான் படித்தேன். சிசி, அதாவது கட்ட ஆரம்பிக்கத் தரும் அனுமதி, ஏழு மாடிக்கு மட்டுமே.

"சரியாப் படில."

மறுபடி படித்தேன். மராத்தியில் நான் மக்கு. இன்றும் மக்காகவே இருந்திருக்கலாம்.

"அப்போ ஏழுக்கு மேல?"

"வானம், வாப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன்? இதெல்லாம் ஒரு ஜோக்கா? வாப்பா பைக்கைத் திருப்பினார்.

மே 6

பில்டர் ஆபீஸில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, "ஹோ ஜாயேகா, சாச்சா", அதாவது எல்லாம் ஆகிவிடும் என்றார்கள்.

மே 20

ஆபீஸில் பூட்டு.

பொசஷன் என்றால் வீட்டை நம் கையில் ஒப்படைப்பதாம். பேய்ப் படத்து அர்த்தம்தான் பொருந்துகிறது. வாப்பாவை ஏதோ பிடித்துவிட்டது. கடையில் யாராவது பை விலை கேட்டால், ரெண்டாம் தடவைதான் காதில் விழுகிறது.

ஜூன் 2

வக்கீல் கையை விரித்துவிட்டார். வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும், ஜெயித்தாலும் பில்டரிடம் பிடுங்க எதுவுமில்லை என்றாராம். ஹுதா அழுதாள். நான் அழவில்லை. ஒரு அறைக்காக உருகுகிற ஆள் இந்த சாகிப் இல்லை. ஹால் போதும். ஃபேன் நேர் மேலே இருக்கிறது.

ஜூன் 9

பெருமழை. துணி எடுக்க உம்மா மாடிக்கு விரட்டினார். சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கொடி என் அறைக்குள்ளே. அள்ளிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் தொப்பல்.

"இம்புட்டு நேரம் என்னல பண்ணுன?"

வழுக்கிருச்சு என்றேன். பொய். நேரே ஓட முடியல. கதவு எங்கே இருந்ததுன்னு தேடி, அது வழியாத்தான் போனேன்.

வரும்போது சாத்திவிட்டும் வந்தேன்.