குடிபோன விளக்கு

என்னங்க,

போன்ல பேசினா புள்ள பக்கத்துலயே நிக்கிறான். அதான் எழுதுறேன்.

ஆஸ்திரேலியாவைச் சுத்திக் காட்டுறேன்னு ஏர்போர்ட்லேருந்து நேரா ஒரு கேரவன்ல, அதான் வண்டிக்குள்ளயே வீடு, ஏத்திட்டான். நினைச்சாலே குமட்டுது. அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவுல ஒரு தட்டிதான். கக்கூசுக்கு அடியில நிறையுற பெட்டியை இவனே தூக்கிட்டுப் போய்க் கொட்டுறான். அதே கையாலதான் எனக்குக் காப்பி. சோத்துல செம்புழுதி, உதட்டுல ஈ. களத்துல நெல்லு தூத்துறப்பகூட நான் இவ்வளவு தூசி தின்னதில்ல.

மருமகளுக்கு லீவு கிடைக்கலையாம். இங்க கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் பொட்டுகூட ஒட்டியில்ல. கட்டிலுக்கு அடியில, அவங்க புது வீட்டுக்குக் குடிபோனப்ப நாம குடுத்தனுப்பின குத்துவிளக்கு கிடக்கு, புழுதி அப்பிப்போய். ஊர் சுத்தப் போறவன் எவனாவது குத்துவிளக்கைத் தூக்கிட்டு வருவானா? நான் கேக்கல.

எப்பப்பா வீட்டுக்குப் போறோம்னு மட்டும் நேத்து கேட்டேன். ரோட்டைப் பாத்துக்கிட்டே, "போலாம்மா"ன்னான்.

ஊர்ல யாராவது கேட்டா, புள்ள ஊர் சுத்திக் காட்டுறான்னே சொல்லுங்க. அறுப்பு முடிஞ்சதும் அவன் படிச்ச வடக்கு ரூம்ல மூட்டை அடுக்காதீங்க. கழுவி விட்டு, வெள்ளையடிச்சு வைங்க.

ஒத்தைக் கட்டில் போதும்.

உங்க வீட்டுக்காரி