கொதிக்கவைத்த தண்ணீர்

வைசேலியா
அக்டோபர் 8, செவ்வாய்

அன்புள்ள ரெமெதியோஸ் அக்காவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, உன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

என் கல்லூரி வகுப்பு உனக்குத் தெரியும். பாதிப்பேர் நம்மைப் போலப் பழம் பறித்த வீட்டுப் பிள்ளைகள். புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். 'தோர்த்தியா ரொட்டிக்கு அம்மா ஏன் சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைக்கிறாள்?' என்று கேட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அதனால்தான் இந்தமுறை வேதியியலை அவரவர் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்கினேன். நானும் உன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனேன்.

சோதித்ததில் உன் கிணற்றில் நைட்ரேட் அளவுக்கு மேல் இருக்கிறது. தோட்டத்துக்குப் போடும் உரம் கீழே இறங்கியிருக்கிறது. பெரியவர்கள் எப்படியோ தாங்குவீர்கள். உன் பேரன் எலியானுக்கு அதில் பால்மா கலக்காதே அக்கா, அது விஷம்.

அத்தான் உன்னைத் தொலைபேசியில் பேசவிடுவதில்லை. உங்கள் தோட்டத்து வீட்டு வரிசையிலிருந்து என் வகுப்புக்கு வரும் இட்செலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரியமுள்ள தங்கை,
ஒஃபீலியா

*

ஆரஞ்சுத் தோட்டம்
புதன்

என் ஒஃபீலியாவுக்கு,

ஞாயிறு வந்தாய், ஒரு வாய் சூப்புகூடக் குடிக்காமல் புட்டியோடு போய்விட்டாய். இப்போது பயமுறுத்தி எழுதுகிறாய்.

உன் அத்தான் குதிக்கிறார். "ஒன் தங்கச்சி வாத்தியாரம்மா வேலய காலேஜோட வெச்சுக்கட்டும். மொதலாளி காதுல விழுந்துச்சுன்னா சட்டி பானையோட நடுரோட்டுலதான் நிக்கணும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீடும் வேலையும் ஒரே ஆள் கையில். இந்த நாட்டில் தங்க அவருக்கு இன்னும் பேப்பர் வரவில்லை என்பதை மறந்துவிட்டாயா?

நீ கவலைப்படாதே. அம்மா நமக்குச் செய்த மாதிரிதான் செய்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து தண்ணீரைப் பானை பாதியாகும்வரை கொதிக்கவைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். எந்த விஷம் அதில் பிழைக்கும்?

பிள்ளைக்குத்தான் கண்பட்டிருக்கிறது. நகமும் உதடும் நீலம் பூத்திருக்கின்றன, அழக்கூடத் தெம்பில்லை. முட்டையால் உடம்பெல்லாம் தடவி எடுத்திருக்கிறேன். சரியாகிவிடும்.

நீ இங்கே வராதே.

ரெமெதியோஸ்

*

வைசேலியா
வியாழன்

அக்கா,

காலையில் உன் கடிதத்தை வகுப்பு வாசலில் நின்று படித்தேன். 'பாதியாகும்வரை' என்ற வரியையும் 'நீலம்' என்ற வரியையும் இன்னொரு முறை படித்தேன். பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

கொதித்தால் கிருமி சாகும். உப்பு சாகாது. சூப்பு சுண்டச் சுண்டக் கரிக்கும் என்று உனக்கா சொல்லவேண்டும்? நைட்ரேட்டும் அப்படித்தான். இந்த ஒரு வரியை முதல் கடிதத்தில் எழுதியிருக்கலாம். வகுப்பில் யார் வீட்டு அடுப்பையும் விட்டுவைக்காமல் பேசுகிறவள், என் அக்காவின் அடுப்பை நினைக்கவில்லை.

உன் வீட்டு வாசலிலேயே உன் மகள் யாரெட்ஸி பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு, "சித்தி, அவன் கண்ணத் தொறக்க மாட்டேங்கிறான்" என்றாள். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். நைட்ரேட் ரத்தத்தைக் கெடுத்தால் வரும் சாக்லேட் நிறத்தில் வந்தது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

நீ வேலையுடுப்போடு ஓடிவந்தாய். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மருத்துவர் கேட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாய். "எங்க தண்ணின்னு சொல்லிடாதடி. ஒன் கால்ல விழுறேன்." நான் தெரியாது என்றேன். பெற்றவளும் தலைகுனிந்து நின்றாள்.

எலியானின் உதட்டில் இப்போது நிறம் திரும்பியிருக்கிறது. பிழைத்துவிட்டான் என்கிறார்கள். நீ கண்ணீரோடு என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த நேரம் எனக்கு உன் பக்கத்து வீட்டுக்காரிதான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். அதே கிணறு. அவளும் இன்று பானையை அடுப்பில் வைத்திருப்பாள்.

நாளைக் காலை சுகாதார அலுவலகம் திறந்ததும் போய், கிணறு எங்கே இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் இட்செலிடம் கொடுப்பேன். முன்னால் கொடுத்தால் நீ வருவாய், என் கையைப் பிடிப்பாய், நான் மறுபடியும் தெரியாது என்றுவிடுவேன்.

உன்,
ஒஃபீலியா