பந்த் அன்று போட்ட கூரை

கொல்லயில் கிராமம்
7-5-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் லேகா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பிலாயில் வெயில் கொடுமை என்று எழுதியிருந்தீர்கள். தலையில் துண்டு போடாமல் வெளியே இறங்காதீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று நம் வீட்டுக்கு வார்ப்பு முடிந்தது! காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் போடத் தொடங்கி, மாலை ஆறு ஆவதற்குள் கூரை முழுவதும் முடித்துவிட்டோம். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் சந்தோஷத்தில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ஜோசியர் வார்ப்புக்குக் குறித்த நாள் தப்பினால், நான் பார்க்கிற வீட்டு வேலையின் மிச்சத்தை விஜயதாஸ் மாமாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மாமா இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறவர். நான் பாலிடெக்னிக் முடித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் வியாழக்கிழமை மத்தியானம் ரேடியோவில், குறித்த நாளான மறுநாள் பந்த் என்று கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொத்தனார் சத்தியதாஸ் அண்ணனைத் தேடிக் களியக்காவிளைக்கு ஓடினேன். அவர், “நம்ம ஆளுவ பத்துப்பேரும் நடந்து வந்திருவாவ மக்கா. மிக்சர் மெஷின் நடக்குமா? பந்துக்கு வண்டிய விடமாட்டாவ” என்றார். கையால் கலக்குவதென்றால் இன்னும் முப்பது பேராவது வேண்டுமாம்.

திரும்பி வந்த பஸ்ஸில் நம் வடக்கு வீட்டு அனில்குமார் அண்ணன்தான் கண்டக்டர். நாளைக்கு டியூட்டி இல்லை, நாள் முழுக்கக் கிடந்து உறங்கப் போகிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பந்த் என்றால் ஊரே வீட்டில் இருக்குமே! அம்மாவும் நானும் விளக்கு வைப்பதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாளைக்கு உங்களுக்கு வேலை இல்லை, எங்களுக்கு உண்டு என்று அம்மா எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடினாள்.

காலையில் எண்ணிப் பார்த்தால், கொத்தனாரின் ஆட்கள் போக, முப்பத்தெட்டுப் பேர். தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் ஆபீசுக்குப் போகிறவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சரசம்மா டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியடியில் நின்றவர், சாயங்காலம் வரை நகரவில்லை. சட்டி கைமாறிக் கைமாறி மேலே போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அப்பா. பத்து மணிக்கு பந்த்காரர்கள் ஆறு பேர் கொடியோடு வந்து, இன்றைக்கு என்ன வேலை நடக்கிறது என்று அதட்டினார்கள். சத்தியதாஸ் அண்ணன் அசரவில்லை. “வேலை இல்ல மக்கா, வீட்டு விசேஷமாக்கும். கப்பையும் மீன்கறியும் உண்டு, தின்னுட்டுப் போங்க” என்றார். கிழங்கும் மீனும் தின்று முடித்ததும் அதில் நாலு பேர் கொடியைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு எங்கள் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

இனிச் சொல்வதை நான் மறைத்திருக்கலாம். மூன்று மணிக்கு ஜல்லி தீர்ந்துவிட்டது. சமையலறைக்கு மேலே அப்படியே பாக்கி. கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும் ஒன்றரை அடியை நாலு பக்கமும் கணக்கில் சேர்க்க நான் மறந்திருக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் போட்டால் அந்த இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். லாரியும் ஓடாது. பக்கத்தில் ஜல்லி கிடந்தது மாமா வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான்.

போய்க் கேட்டேன். மாமா கைவண்டியில் வாரிப் போட்டு, ஆறு நடை தானே தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்த பிறகு நாலு பேருக்குக் கேட்கும்படியாக, “வீட்டுக்கு உள்ளதான் கூரைன்னு நினைச்சிட்டா, நம்ம இஞ்சினீயரு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

அவரும் உங்களுக்கு எழுதுவார். தன் ஜல்லி இல்லாவிட்டால் நாள் தப்பியிருக்கும் என்று எழுதுவார். அது உண்மைதான், அதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்பா, மறந்தது நான் என்றால், ஊரைத் திரட்டியதும் நான்தான், கூச்சப்படாமல் மாமாவின் முன்னால் போய் நின்றதும் நான்தான். இன்னும் பூச்சு இருக்கிறது, தரை இருக்கிறது, கதவு ஜன்னல் இருக்கிறது. அதையெல்லாம் நானே நின்று முடிக்க ஆசையாக இருக்கிறது.

இன்று காலை, கான்கிரீட் நன்றாக இறுகக் கூரைமேல் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறேன். இருபத்தொரு நாள் கழித்து, கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கும்போது அடியில் நான் நிற்பேன். அம்மா இப்போதே திட்டத் தொடங்கிவிட்டாள்.

இத்தனை வருடமும் உங்கள் கடிதங்கள் சுகுமாரி என்று அம்மா பெயருக்குத்தான் வருகின்றன. வேலையை மாமாவிடம் கொடுக்க வேண்டும் என்றால் இந்தத் தடவையும் அப்படியே அனுப்புங்கள். நான் தொடரலாம் என்றால் கவரின்மேல் என் பெயரை எழுதுங்கள். தபால்காரர் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கள் ஆசியை வேண்டும் மகள்,
லேகா