பின்பாட்டு

3.10.78, செவ்வாய்
காலையில் தூறல். துணி காயவில்லை. பால் வேறு திரிந்துவிட்டது.

பாட்டு சாதகம் அரை மணி. கல்யாணி ராகம். மேல் ஸ்தாயியில் வேகமான பிர்கா கோலிக்குண்டு மாதிரி உருண்டு ஓடுகிறது. தற்பெருமைதான். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்!

நவராத்திரிக் கச்சேரியில் இந்த வருடம் சரோஜா அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்காரப்போகிறேன். தனி மைக். நோட்டீஸில் பெயர். அக்காவே சொன்னது. இத்தனை வருடமும் அவள் முதுகுக்குப் பின்னால் தம்பூராவோடு பின்பாட்டு. அவள் குரல் தடுக்கும் இடங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

வாங்க: மிளகு, பனங்கற்கண்டு, ஊக்கு.

5.10, வியாழன்
நோட்டீஸ் வந்தது. ‘சரோஜா, கீதா – பாட்டு.’ கீதா, அக்காவின் மகள். வர்ணமே தட்டுத்தடுமாறித்தான் பாடுவாள். என் பெயர் எங்குமே இல்லை.

பஸ் பிடித்து செல்லூரில் அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“அவளுக்கு வரன் பாக்குறோம்லடி. மாப்ள வீட்டுக்காரவுக கச்சேரிக்கு வாராக. நீ எப்பவும் போல பின்னாடி உக்காந்துக்க. உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே.”

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன். கூடப் பிறந்தவளாக நினைத்திருந்தேன் இவளை.

முடிவு: போவேன். தம்பூரா மீட்டுவேன். வாயைத் திறக்கமாட்டேன். திணறட்டும்.

8.10, ஞாயிறு
கச்சேரி முடிந்து இப்போதுதான் வந்தோம். நல்ல கூட்டம்.

கல்யாணி ஆலாபனை. மேலே போகப் போக அக்காவுக்கு மூச்சு முட்டியது. மேல் ஸட்ஜத்தில் குரல் உடைந்தது. கீதா மடியைப் பார்த்தாள். நான் தம்பூராவைப் பார்த்தேன். அப்புறம் என் தொண்டை தானாக எடுத்துவிட்டது. பழக்கதோஷம். பிர்காவாகக் கொட்டி, இறங்கி வந்து நின்றபோது ஒரே கைதட்டல். கீதா கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்னது காதில் விழுந்தது: “பொண்ணுக்கு எம்புட்டு பிர்கா!”

யார் பாடியதாகத் தெரிந்தது என்று வரும் வழியில் இவரிடம் கேட்டேன். “முன்னாடியிருந்து பாத்தா அந்தப் பிள்ள வாயசச்சது. அவ பாடுன மாதிரிதான் இருந்துச்சு” என்றார்.

தம்பூராவுக்கு உறை போடும்போது அக்கா காதோரம் வந்து சொன்னாள்: “நீ விட்டுற மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி.”

தெரிந்துதான் உட்கார வைத்திருக்கிறாள். பாவி.

11.10, புதன்
வெயில். அக்கா லட்டோடு வந்தாள். வரன் முடிவாகிவிட்டதாம்.

“அவுக அம்மா அந்தக் கல்யாணிய இன்னொரு தடவ கேக்கணுங்கிறாக. நிச்சயத்துக்கு வந்துரு, என்ன?”

“சாப்பிட வரவா, பாட வரவா?”

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.