உறுத்தாத பெல்ட்

மார்ச் 4

பள்ளிக்கூடத்து மரத்தில் கிளை வெட்டும் வேலை பாதிதான் முடிந்தது. இடது கால் மறுபடியும் மரத்துப் போய்விட்டது. பாதம் கிளையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கையிலோ ரம்பம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் மரமேறக் கட்டும் இந்தப் பழைய பெல்ட்டால் வந்த வினை. தொடைப்பட்டை சதையைக் கவ்வுகிறது. கீழே கயிறு பிடிக்கும் என் வீட்டுக்காரரிடம், "கிளை வழுக்குது" என்று சொல்லி இறங்கிவிட்டேன். புதிது வாங்கியாக வேண்டும்.

மார்ச் 8

கடையில் ஒன்று பிடித்திருந்தது. இடுப்பிலும் தொடையிலும் கனமாகப் பஞ்சு வைத்தது. "நின்னு பாருங்க மேடம், சோபா மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். நின்றால் எந்த பெல்ட்டும் சுகமாகத்தான் இருக்கும். மரத்தில் யார் நிற்கிறார்கள்? தொங்கிப் பார்க்க இடமிருக்கிறதா என்று கேட்டேன். மின்விசிறிக் கொக்கியைக் காட்டினார். தெருமுனை வரும்வரை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். பெல்ட்டை வாங்கியாயிற்று, இனிமேல் சரியாகிவிடும்.

மார்ச் 11

சோபாவும் சரியில்லை.

மார்ச் 15

மாற்றி வாங்கினேன். இதில் பஞ்சு குறைவு, பட்டை அகலம். உட்கார்ந்தால் தொடையில் மேலேறாது. உடம்பைத் திருப்பும்போது இடுப்பு தனியாகத் திரும்புகிறது. தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்படியும் கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிட்டது. பட்டையைத் தளர்த்தினேன், இறுக்கினேன், ஏற்றினேன், இறக்கினேன். எனக்கென்று ஒன்று எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

மார்ச் 19

இன்று கால் நழுவிவிட்டது. கயிறு தாங்கிக்கொண்டது. ரம்பம் தொடைக்குப் பக்கத்தில் ஆடியது. நல்லவேளை, நின்றுபோயிருந்தது. இவர் மெதுவாக என்னை இறக்கினார். கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பயமா இருக்கு. விழுந்துடுவேன்னு இல்ல. இனிமே ஏற முடியாதோன்னு. கீழ நின்னு நான் என்ன பண்ணுவேன்? வேறு வேலை தெரியாது என்பதில்லை. மேலே இருக்கும்போது மட்டும்தான் எனக்கு என்னைப் பிடிக்கும் — இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 20

கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், கொல்லையில் தாழ்ந்த கிளையில் என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இவர் தொங்குகிறார். பாதம் தரைக்கு ஒரு சாண் மேலே. கண்ணை இறுக்க மூடியிருந்தார். பல்பு மாற்றவே என்னைக் கூப்பிடுகிற மனிதர். நான் கிளம்பியதிலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாராம்.

"எங்க உறுத்துதுன்னு தெரியாமலே மாத்தி மாத்தி வாங்கறோம். அதான் பாத்தேன்."

இறங்கித் தொடையைத் தடவிக்கொண்டார். ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி, "எங்கயும் உறுத்தலையே" என்றார்.

"உங்க உடம்பு வேற, என் உடம்பு வேற" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 23

நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கால் செருப்பு கழன்று கிடந்தது. எப்போது கழன்றதோ. இவர் வந்து குனிந்து அதை எடுத்து என் காலில் மாட்டிவிட்டார். அவர் கை பாதத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது.

இடுப்பில் பெல்ட் இல்லை. எந்த பெல்ட்டும் இல்லை.

மார்ச் 27

முதுகின் அடியில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். நடக்கலாம், வேலை செய்யலாம். "மரம் ஏறுறத மட்டும் மறந்துடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"வேற பெல்ட் போட்டா?"

"எந்த பெல்ட்டு?" என்று அவர் கேட்டார். இவர்தான் எல்லாவற்றையும் விளக்கினார், இடுப்பைத் தொட்டு, தொடையைத் தொட்டு, பொறுமையாக. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 2

எழுத ஒன்றுமில்லை. பெல்ட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 17

பள்ளிக்கூடத்தில் மிச்ச மரம் அப்படியே நிற்கிறது. "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடலாம்" என்றேன். "முதல்ல கீழ்க்கிளை. மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெல்ட்டை எடுத்து வைத்திருந்தார்.

நானே அவருக்குக் கட்டிவிட்டேன். வாரை அவர் இடுப்பளவுக்கு விட்டபோது, என் அளவில் மடிந்த தடம் கொக்கியைத் தாண்டி வெளியே வந்து நின்றது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

கிளை பிரியும் முதல் கவட்டைக்குப் போனதும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இறக்கி விடு."

"நிக்காதீங்க. உக்காருங்க. பெல்ட்டுல உக்காருங்க."

வெகுநேரம் கழித்து உட்கார்ந்தார். அவருடைய கனம் முழுவதும் கயிறு வழியாக என் கைக்கு வந்தது. இத்தனை வருடம் அவர் கையில் என் கனம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"எங்கயாவது உறுத்துதா?" என்று கேட்டேன்.

"இல்ல. பயமாத்தான் இருக்கு."

"நான் பிடிச்சிருக்கேன்" என்றேன். எந்தக் கிளை முதலில் என்று கேட்டார். சொன்னேன்.