கீழே ஒரு பங்கு, மேலே மூன்று பங்கு

செம்மேடு
11.2.2002

அன்புள்ள அருள்பிரகாஷுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீயும் உன் கடிதத்தின் முதல் வரியில் நலம் என்று எழுதியிருந்தாய், இரண்டாம் வரியில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நீ கேட்டுக்கொண்டபடி அம்மாவுக்கு முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். இங்கே மிளகு பறிப்பு நடக்கிறது, ஆனால் தெற்குப் பக்கத்துக் கொடிகளில் பாதி வாடிவிட்டன, பார்க்கத் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டி வந்தேன், அவர் கொடி கொடியாகத் தொட்டுப் பார்த்து, ஆமாங்க, வாடியிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். மேகம் பகலிலேயே வாசல் வரை வந்து நிற்கிறது. பறித்த மிளகும் சரியாகக் காயவில்லை.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் அந்த நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டை ஆடி வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். இடுப்பு வலியால் லாரியை விற்றவனுக்கு உட்கார்ந்தபடி எதையாவது ஓட்ட வேண்டியிருக்கிறது. உன் அம்மா, ஏனுங்க, கடலைக் கண்ணால பாக்காத மனுசன் கப்பல் ஓட்டறீங்களாக்கும், முழுகிப்போனா என்ன பண்ணுவீங்க என்று கேட்டாள். முழுகுவதற்காகவே கட்டிய கப்பல் அது என்று விளக்கினேன், அப்ப நம்ம மிளகுத் தோட்டமாட்டங்க என்றாள். அந்தக் கப்பல் மேலே மிதக்கும்போது டீசலில் ஓடுகிறது, அடியில் போனால் பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து டீசலை எரித்துத்தான் அதை நிரப்ப வேண்டும், ஆக எப்படிப் போனாலும் எரிவது டீசல்தான். முழு வேகத்தில் போனால் டீசல் முள் கண்ணெதிரே இறங்குகிறது, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் போனால் அதே டீசல் பல மடங்கு தூரம் வருகிறது. எதிரிக் கப்பல் கூட்டத்தைத் துரத்தக் கூடாது, அது வரப்போகும் வழியில் முன்னதாகப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருக்க வேண்டும். ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி வாசலில் மரவள்ளி லோடு இறக்க முப்பது வருடம் காத்திருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டீசலை மட்டும் கிளம்பும்போதே நான்காகப் பிரித்துவிடுவேன், போவதற்கு ஒரு பங்கு, திரும்புவதற்கு மூன்று பங்கு. துறைமுகம் படத்தில் மேலே இருக்கிறது, வேட்டைக்குப் போகிற கடல் கீழே இருக்கிறது. லாரியில் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க ஒரு பங்கு என்றால் எழுபது வளைவும் ஏறிச் செம்மேடு வந்து சேர மூன்று பங்கு வேண்டும், பங்க்கில் டீசல் இல்லை என்று பலகை தொங்கிய காலத்தில் கையோடு பழகிய கணக்கு இது. இந்தக் கணக்கில் பதினோரு முறை போய்ப் பதினோரு முறையும் திரும்பி வந்திருக்கிறேன். மூழ்கடித்தது ஒரே ஒரு கப்பல், அதுவும் காலிக் கப்பல். டேங்கில் பாதிக்கு மேல் டீசலும் குண்டுகள் அனேகமாக எல்லாமும் மிச்சம் வைத்துத் திரும்புகிற கேப்டனைப் பற்றித் தலைமையகம் என்ன நினைக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்டுகிறது, அகராதி பார்த்துப் படித்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இதைத்தான் நீ போன கடிதத்தில் திருத்தியிருந்தாய். படத்தில் மேலே என்றால் வடக்கு, மேடு இல்லை, கடல் சமதளம் அப்பா, போக வரப் பாதிக்குப் பாதி போதும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வெட்கமாகத்தான் இருந்தது, இத்தனை மாதமாகத் தண்ணீரில் மேடு ஏறியிருக்கிறேன். அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏப்ரல் கடைசி வரை அமெரிக்காவில் தங்க அனுமதி இருக்கிறது, நண்பன் சுரேந்தரின் அறையைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போய் வேலை கேட்கப் போகிறேன், ஒன்றும் அமையாவிட்டால் கடைசி வாரத்தில் டிக்கெட் எடுத்து வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். பாதிக்குப் பாதி என்பது கூட இல்லை கண்ணு, அது முழுவதையும் போவதற்கே எரிக்கிற திட்டம்.

உன் முறைப்படி ஆடிப் பார்க்கலாம் என்று நீ ஆடிய பழைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தேன். ஏழு கப்பல் ஓட்டியிருக்கிறாய். என்னைப் போல் இல்லை, நிறைய மூழ்கடித்திருக்கிறாய், தலைமையகம் பதக்கமெல்லாம் கொடுத்திருக்கிறது. திரும்பி வந்தது ஒன்றும் இல்லை. ஏழாவது மட்டும் அழியாமல் நடுக்கடலில் நிற்கிறது, நீ அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம் நிறுத்தி வைத்தது, டேங்கில் கொஞ்சம் டீசல் இருந்தது. அதை ஊர் கொண்டுவந்து சேர்ப்போம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று, மின்சாரம் இருந்த நேரமெல்லாம் அதே வேலை. ஒற்றை எஞ்சினில், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வந்தேன். வழியில் இரண்டு கப்பல் கூட்டம் கடந்து போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துறைமுகத்துக்கு நாற்பது மைல் இருக்கும்போது முள் படுத்துவிட்டது. இழுத்துப்போக ஆள் அனுப்பச் சொல்ல வழி இருக்கிறதா என்று விளையாட்டோடு வந்த புத்தகம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வழி வைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அது பையன் கப்பலுங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவனுக்கு வேலை போயி எத்தன நாளாச்சுங்க என்று அடுத்துக் கேட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஞாயித்துக்கிழமை போன்ல அவன் வேலையத் திட்டறதை நிறுத்தி ஒரு மாசமாச்சு, அப்பவே தெரியுமுங்க, ரெண்டு பக்க லெட்டர்ல ஒரு வரியப் படிச்சுட்டு மடிச்சு வெக்கறீங்க, ரெண்டு பக்கம் முழுக்கவா நல்லாருக்கேன்னு எழுதுவான், என்னையென்ன பச்சப்புள்ளைன்னு நினைச்சீங்களா என்றாள். பிறகு காயாத மிளகைக் கிளறிவிடப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, மறைத்ததில் எனக்கும் சரிபாதி உண்டு.

கடல் சமதளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என் கணக்கை மாற்றப் போவதில்லை. டிக்கெட் உன்னைச் சென்னையில் கொண்டுவந்து இறக்கும், அதற்கு மேல்தான் ஏற்றம். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் குப்புசாமி டீ ஆற்றிக்கொண்டே, தம்பி லீவுங்களா, எத்தன நாளைக்குங்க என்று கேட்பார். அடுத்த வாரம், இன்னும் போகலீங்களா என்பார். அதற்கடுத்த வாரம் ஒன்றும் கேட்கமாட்டார், எழுபது வளைவிலும் செங்குத்தானது அதுதான். அதில் ஏற ஒரு தெம்பு வேண்டும் சாமி. ஊர் ஊராகப் போய், இல்லை என்ற பதிலையே கேட்டுக் கேட்டு அதைத் தீர்த்துவிட்டு வந்தால், நாற்பது மைல் தள்ளி நீ நிற்பாய், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புது ஊர் எதுவும் வேண்டாம். சுரேந்தரின் அறையிலேயே இருந்து மார்ச் முடியும் வரை கேட்டுப் பார். கிடைத்துவிட்டால் அம்மா பழையபடி உன் திட்டுகளைக் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே திரும்பு, ஏப்ரலைத் தொடாதே. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், ஒரே ஒரு காலிக் கப்பலை மூழ்கடித்தவன் சொல்கிறேன், ஆனால் பதினோரு முறை வீடு வந்தவன்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு, புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அறப்பளீசுவரர் உனக்குத் துணையிருக்கட்டும், மேட்டில் குடியிருப்பவர், அவருக்குத் தெரியும். வருவதானால் யாருக்கும் எதுவும் வாங்கி வராதே, ஏறுகிற வண்டியில் பாரம் குறைவாக இருக்க வேண்டும். பழைய ஜீப்பைச் சரிசெய்து டேங்க்கை நிரப்பி வைத்திருக்கிறேன். மலைக்குக் கீழே சேந்தமங்கலம் வரை வந்துவிடு, அங்கிருந்து ஏற்றம் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகசாமி